செங்கோட்டையிலிருந்து அஷ்டமுடி: அவசரமில்லாமல் ஒரு நாள் தீவு சுற்ற முழுமையான வழிகாட்டி

செங்கோட்டை, தென்காசி, புளியரை பக்கமிருந்து கொல்லம் அஷ்டமுடிக் காயலுக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலையைத் தாண்டினால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். பக்கம்தானே என்று பலர் விடியலில் வேன் ஏறி, பாலருவி, பதின்மூன்று கண் பாலம், தென்மலை அணை, மன்றோ துருத்து (துருத்து என்றால் தீவு), சாம்பிராணிக்கோடி, கொல்லம் கடற்கரை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்கிறார்கள். துருத்துக்கு வந்து சேரும்போது உச்சி வெயில். தோட்டில் (சிறு வாய்க்காலில்) தண்ணீர் வற்றியிருக்கும். படகுக்காரர் சாப்பிடப் போயிருப்பார். பிள்ளைகள் சிணுங்கும். ஊர் திரும்பிய பிறகு வேன் சீட்டு மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும்.

காயலில் ஒரு நாள் இதமாகக் கழிய வேண்டுமானால் வரிசை சரியாக இருக்க வேண்டும். அந்த வரிசையைத் தண்ணீரும் காற்றும் தீர்மானிக்கட்டும். நம் வசதி அதற்கப்புறம்தான்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்கள் காயலுக்கு ஆகாதவை. நமக்குச் சாரலைக் கொண்டுவருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் இங்கே வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கல்லடை ஆறு கலங்கி ஓடும், காயலில் காற்றும் பலமாக இருக்கும். சீசனுக்கு வந்த சொந்தக்காரர்களை அப்படியே கொல்லத்துக்கும் கூட்டிப்போய் வந்துவிடலாம் என்ற யோசனைதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கிற தவறு. அருவியும் காயலும் ஒரே பயணத்தில் நன்றாக அமையாது.

அக்டோபர், நவம்பரில் காலை நேரம் தெளிவாக இருக்கும், பிற்பகலில் இடியோடு மழை வரும். மார்ச் முதல் மே வரை புழுக்கம் தாங்காது, கோடை இடிமழையும் உண்டு. திறந்த காயலில் இடி இடிக்கும்போது படகில் இருப்பது ஆபத்து. சுற்றிலும் தண்ணீர் மட்டமாகக் கிடக்க, உயர்ந்து நிற்பது படகு ஒன்றுதான்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானிலை நன்றாக இருக்கும். ஆனால் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஐயப்ப சீசன். ஆரியங்காவு வழி முழுக்க சாமிமார் வண்டிகள், ரயிலிலும் இடம் கிடைக்காது. அதனால் பொங்கல் கூட்டம் ஓய்ந்தபின், ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும் வரை உள்ள நாட்களைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். வாரநாளாக இருந்தால் இன்னும் நல்லது.

2. நாள்காட்டியைப் பாருங்கள்: ஓதம் (கடலின் ஏற்ற வற்றம்)

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அஷ்டமுடி பார்க்க ஏரி மாதிரி இருந்தாலும் நீண்டகரையில் கடலோடு சேர்கிறது. கடல் ஏறினால் காயலும் ஏறும், கடல் வற்றினால் காயலும் வற்றும். பொதுவாக ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மறுநாள் இவை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும்.

மன்றோ துருத்தில் வள்ளம் என்கிற சின்னப் படகு போகிற தோடுகள் குறுகியவை, ஆழமும் அதிகமில்லை. நன்றாக வற்றிய நேரத்தில் போனால் வள்ளத்தின் அடி சேற்றில் இழுபடும். படகுக்காரர் குறுகலான தோடுகளை விட்டுவிட்டு அகலமான வழியிலேயே சுற்றிக் காட்டிக் கரை சேர்த்துவிடுவார். துருத்தின் அழகு இருப்பதோ அந்தக் குறுகலான தோடுகளில். அதற்காக உச்ச ஏற்றமும் வேண்டாம். தோடுகளுக்குக் குறுக்கே சின்னச் சின்ன நடைபாலங்கள் இருக்கின்றன. தண்ணீர் மிக உயர்ந்துவிட்டால் வள்ளம் அவற்றின் கீழே நுழைவதே கஷ்டம். பாதி ஏறி, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிற தண்ணீர்தான் நமக்கு வேண்டும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அஷ்டமி, நவமியை ஒட்டி ஓதம் அடங்கி, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் குறைவாக இருக்கும். நல்ல காரியத்துக்கு நாம் ஒதுக்கி வைக்கிற அந்த நாட்கள்தான் துருத்துப் பயணத்துக்கு நிதானமான நாட்கள். வீட்டில் தொங்குகிற தினசரி நாள்காட்டியே இதற்குப் போதும்.

மணிக்கணக்கு வேண்டுமென்றால் கொல்லத்துக்கான ஓத நேரம் இணையத்தில் கிடைக்கும். அது கடலோரக் கணக்கு. தண்ணீர் உள்ளே ஏறிவர நேரம் பிடிப்பதால் துருத்தில் ஏற்றம் அதைவிடப் பிந்தித்தான் வரும். எவ்வளவு பிந்தும் என்று அங்கே வள்ளம் ஊன்றுகிறவரைக் கேட்பதுதான் சரி. “சேட்டா, ராவிலே வெள்ளம் எப்பழா கேறுன்னே?” (அண்ணா, காலையில் தண்ணீர் எப்போது ஏறும்?) என்று போனில் கேளுங்கள். நம் தமிழும் அவருக்குப் புரியும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று அவர் புரிந்துகொண்டு, நல்ல நேரத்தைச் சொல்லிவிடுவார்.

3. இரண்டு தீவு போதும்

நான் சொல்கிற நாளில் இரண்டு தீவும் ஒரு படகுச் சவாரியும் மட்டும்தான். விடியலில் மன்றோ துருத்து, முற்பகலில் சாம்பிராணிக்கோடி, மாலையில் கொல்லம் படகுத்துறையிலிருந்து அரசுப் படகு.

ஏன் இந்த வரிசை என்றால், காலையில் காயல் அசையாமல் கிடக்கும். வெயில் ஏறிய பிறகு மேற்கிலிருந்து கடற்காற்று எழும். பிற்பகலில் திறந்த காயல் சிலுசிலுவென்று அலையடிக்கும், சின்னப் படகு தூக்கிப் போடும். ஆகவே சின்ன வள்ளத்தில் செய்ய வேண்டியதை விடியலிலும், திறந்த காயலில் செய்ய வேண்டியதை மதியத்துக்கு முன்பும் முடித்துவிட வேண்டும். காற்றுள்ள நேரத்துக்குப் பெரிய படகு.

மூன்றாவது தீவு, நான்காவது தீவு என்று ஆசை காட்டுகிறவர்கள் துறையில் இருப்பார்கள். கூடுதலாகப் பார்க்கிற நேரம் பெரும்பாலும் இன்ஜின் சத்தத்திலேயே போய்விடும். வேண்டாம்.

4. முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டியவை

தங்குமிடம்: முந்தின நாள் இரவு மன்றோ துருத்திலேயே ஒரு ஹோம்ஸ்டேயில் தங்குங்கள். கொல்லம் நகரத்தில் தங்கினால் விடியலில் துருத்துக்கு வருவதற்கே அரைமணியும் முக்கால் மணியும் போய்விடும். அங்கே பல வீடுகளில் வாடகைக்கு அறையும் உண்டு, சொந்த வள்ளமும் உண்டு.

வள்ளம்: பணம் பேசும்போது நான்கு விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். கூலி ஆளுக்கா, வள்ளத்துக்கா? எத்தனை மணி நேரம்? கம்பு ஊன்றிப் போகிற வள்ளமா, இன்ஜின் படகா? குறுகலான தோடுகளுக்குள் போகுமா? கூலியை மட்டும் பேசிவிட்டு மற்றதை விட்டுவிட்டால் அங்கே போய் மனஸ்தாபம் வரும். ஆளுக்கு என்று ஒருவர் நினைத்திருப்பார், வள்ளத்துக்கு என்று மற்றவர் நினைத்திருப்பார்.

மூட்டு வலி உள்ள பெரியவர்கள் வந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வள்ளத்தில் தாழ்வாக உட்கார்ந்து எழ வேண்டும், அவர்களுக்கு அது சிரமம். கூரையும் இருக்கையும் உள்ள ஷிக்காரா படகு கேட்டு வாங்கலாம். அது எல்லாத் தோட்டிலும் நுழையாது, ஆனால் அவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து வருவார்கள். இளையவர்கள் வள்ளத்திலும் பெரியவர்கள் ஷிக்காராவிலுமாகப் பிரிந்து போவதில் தவறேதும் இல்லை.

சாம்பிராணிக்கோடி: அங்கே படகு விடுவது மாவட்டச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம். ஆட்கள் எண்ணிக்கைக்கும், தீவில் நிற்கிற நேரத்துக்கும் வரம்பு உண்டு. சனி, ஞாயிறு போவதாக இருந்தால் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். போகிற வாரத்தில் படகு ஓடுகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வானிலை சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள்.

வாடகை வண்டி: தமிழ்நாட்டு வேன், டாக்ஸியில் போகிறவர்கள் கேரளப் பெர்மிட் வரி கட்டியாகிவிட்டதா என்று டிரைவரிடம் முந்தின நாளே கேளுங்கள். எல்லையில் போய் நின்று கட்டிக்கொள்ளலாம் என்றால் காலை நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

5. பையில் என்ன இருக்க வேண்டும்

பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு மிக முக்கியம். சாம்பிராணிக்கோடியில் தண்ணீருக்குள்தான் நிற்கப் போகிறீர்கள். அடியில் மணலோடு உடைந்த சிப்பி ஓடுகள் கிடக்கும், கண்டல் (அலையாத்தி) மர வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு போலக் கிழிக்கும். ஹவாய் செருப்பு சேற்றில் சிக்கிக் கழன்றுவிடும். வெறுங்காலோ சொல்லவே வேண்டாம்.

முழங்கால் வரை தூக்கிக்கொள்ளக்கூடிய, சீக்கிரம் உலர்கிற உடை. ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்க ஈரம்தான். சேலை, வேட்டியில் வருகிறவர்கள் மாற்றுடை வைத்துக்கொள்ளட்டும். தொப்பி, ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் உப்புத் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. செல்போனுக்குத் தண்ணீர் புகாத உறை. சில்லறை நோட்டுகள், ஏனென்றால் துருத்தில் சிக்னல் நினைத்த நேரத்தில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. படகில் தலைசுற்றுகிறவர்களுக்கு மலைப்பாதையிலும் சுற்றும், மாத்திரையை மலை ஏறும் முன்பே போட்டுக்கொள்ளட்டும்.

காலிப் பாக்கெட்டுகளைப் போட்டு வைக்க ஒரு துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டில் விழுகிற ஒரு சிப்ஸ் கவர் அடுத்த ஏற்றத்தில் யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில்தான் போய் ஒதுங்கும்.

6. முந்தின நாள்: குண்டறையில் இறங்குங்கள்

கொல்லம் போய்த்தான் மன்றோ துருத்துக்குப் போக வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வடக்கேயிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ வருகிறவர்களுக்கு அது சரி. செங்கோட்டையிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ வருகிற நமக்குக் கொல்லத்துக்கு முன்பே குண்டறை வந்துவிடுகிறது. அங்கே இறங்கி ஆட்டோ பிடித்தால் சிற்றுமலை வழியாக அரைமணி நேரத்தில் துருத்து. கொல்லம் போய்த் திரும்பி வருகிற அலைச்சல் மிச்சம்.

மன்றோ துருத்துக்கு என்று ஒரு ரயில் நிலையமும் இருக்கிறது. ஆனால் அது கொல்லத்திலிருந்து எர்ணாகுளம் போகிற தடத்தில் உள்ளது. மெமு, பாசஞ்சர் வண்டிகளை நம்பித்தான் அங்கே இறங்க முடியும், பெரும்பாலான எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்காமல் போய்விடும்.

மதியத்துக்கு முன்பே கிளம்பி, பகல் வெளிச்சத்தில் மலையைத் தாண்டுங்கள். ரயில் மெதுவாகத்தான் போகும், அதுவும் பயணத்தில் ஒரு பகுதிதான். இரவில் போகிற பாலருவி எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே கொல்லத்தில் இறக்கிவிடும் என்பதால் சிலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நேரம் மிச்சமாகும்தான். ஆனால் நடுராத்திரியில் செங்கோட்டையில் ஏறி, அரைத் தூக்கத்தோடு வள்ளத்தில் உட்கார்ந்தால் எதையும் கண்ணால் வாங்க முடியாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

துருத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இருட்டுவதற்குள் வள்ளக்காரரை நேரில் பார்த்து நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். சாயங்காலத் தண்ணீரைப் பார்த்தாலே மறுநாள் காலை எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ராத்திரி சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

7. விடியல்: வள்ளத்தில் துருத்து

பிப்ரவரியில் ஆறே முக்கால் வாக்கில்தான் சூரியன் தலைகாட்டும். ஆறரைக்கெல்லாம் வள்ளத்தில் இருக்க வேண்டும். ஒரு கட்டன் சாயாவோடு கிளம்பினால் போதும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குனிந்து நிமிர முடியாது.

ஏறுகிற விதம்: ஒவ்வொருவராகத்தான் ஏற வேண்டும். விளிம்பில் கால் வைத்தால் வள்ளம் அந்தப் பக்கம் சாயும். வள்ளக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நடுப்பலகைக்குக் காலை நீட்டி, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். நின்று சுற்றிப் பார்த்துவிட்டு உட்காரலாம் என்று நிற்கக் கூடாது. எடை கூடியவர்கள் நடுவில், பிள்ளைகள் பெரியவர்களுக்கு இடையில். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை வள்ளக்காரர் சொல்லட்டும், குடும்பத்துக்குள் இட வாக்குவாதம் வேண்டாம். உயிர்காப்புச் சட்டையை உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காமல் கரையிலேயே மாட்டி, கொக்கிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வள்ளம் நகர ஆரம்பித்ததும் கைகளை விளிம்புக்கு உள்ளே வையுங்கள். குறுகலான தோட்டில் இரண்டு பக்கமும் கருங்கல் கட்டு இருக்கும். ஒரு சாய்வில் விரல் நசுங்கிவிடும். “தல குனி” என்று குரல் வந்தால் உடனே குனிய வேண்டும், நடைபாலம் வருகிறது என்று அர்த்தம். தண்ணீர் உயர்ந்திருக்கும் நாளில் குனிந்தால் மட்டும் போதாது. முழங்காலில் நெற்றி படுகிற அளவுக்கு மடங்க வேண்டியிருக்கும். பாலத்தின் அடிப்பக்கம் சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி துருத்திக்கொண்டிருப்பது தலைக்கு மேலே ஒரு சாண் தள்ளி நகர்ந்து போகும். அந்த நேரத்தில் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

தோட்டுக்குள் இன்ஜின் இல்லாமல் போகும்போது கம்பு சேற்றில் ஊன்றி மேலே வருகிற சத்தமும், மட்டை விழுகிற சத்தமும்தான் கேட்கும். பேச்சைக் குறைத்துக்கொண்டால் மீன்கொத்தி பக்கத்துக் கிளையிலேயே உட்கார்ந்திருக்கும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். தேங்காய் மட்டை ஊறப்போட்ட இடம் வந்தால் அழுகல் வாடை மூக்கைத் துளைக்கும். முகம் சுளித்து மூக்கைப் பொத்தாதீர்கள், அது அவர்கள் கயிறு திரிக்கிற பிழைப்பு. சில வீடுகளில் கயிறு திரிப்பதைக் காட்டுவார்கள். காட்டுகிற அம்மாவிடம் வேலை பார்க்கும்போது வளவளவென்று கேள்வி கேட்காமல், முடித்த பிறகு பேசி, கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வருவது முறை.

வீட்டுச் சுவர்களைக் கவனியுங்கள். தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரத்துக்குப் பூச்சு உப்பிப் பொரிந்து உதிர்ந்திருக்கும். ஏற்றத் தண்ணீர் முற்றத்துக்கும் வீட்டுக்குள்ளும் வந்து போன தடம் அது. துருத்தின் பல பகுதிகள் தாழ்ந்துகொண்டே போகின்றன. எத்தனையோ குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறியிருக்கின்றன. தென்மலையில் கல்லடை ஆற்றுக்கு அணை வந்த பிறகு வண்டல் வருவது குறைந்துபோனதை ஊர்க்காரர்கள் முதல் காரணமாகச் சொல்கிறார்கள், 2004 சுனாமியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நாம் ரயிலில் பதின்மூன்று கண் பாலத்தில் பார்த்துவிட்டு வருகிற கழுதுருட்டி ஆறு கல்லடையில் சேர்ந்து இங்கேதான் வந்து முடிகிறது. ஆகவே இடிந்த வீட்டுத் திண்ணையில் ஏறி நின்று படம் எடுப்பது, முற்றத்தில் குளிக்கிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்புவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். தோடு அவர்களுக்குத் தெரு. தெருவில் போகிறவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

இரண்டரை மணி நேரம் போதும். ஒன்பது மணிக்கு வெயில் உறைக்க ஆரம்பித்ததும் இறங்கிவிடுங்கள். இறங்கும்போதும் ஒவ்வொருவராகத்தான். முன்னால் இருப்பவர் துள்ளி இறங்கினால் பின்னால் இருப்பவர் தண்ணீரில் விழுவார்.

8. காலைச் சாப்பாடு, பிறகு கரை மாறுதல்

ஹோம்ஸ்டேயில் புட்டு, கடலைக் கறி, பழம். நிதானமாகச் சாப்பிடுங்கள், அறையைக் காலி செய்துவிட்டே கிளம்புங்கள். பையை எடுக்கத் திரும்பி வருவது பெரிய சுற்று.

சாம்பிராணிக்கோடி பிராக்குளம் பக்கம் இருக்கிறது. மன்றோவிலிருந்து குண்டறை, கொல்லம் என்று சாலையில் போனால் காயலைப் பாதி வட்டம் அடிக்க வேண்டும். பெருமண் வழியாகக் கடந்து அஞ்சாலும்மூடு போனால் வழி வெகுவாகக் குறையும். அன்றைக்குப் பெருமண் வழியில் கடக்க முடியுமா என்று வீட்டுக்காரரிடம் காலையிலேயே கேட்டு, ஆட்டோவையும் அவரிடமே சொல்லி வைத்துவிடுங்கள். துருத்தில் நின்று ஆட்டோ தேடுவது நடக்காத காரியம்.

9. முற்பகல்: சாம்பிராணிக்கோடி

இதைத் தீவு என்று கேட்டு மணல் திட்டு, தென்னந்தோப்பு என்று கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் திகைத்துப்போகிறார்கள். காயலில் தூர்வாரிய மண் குவிந்து உண்டான திட்டு இது. பெரும்பகுதி தண்ணீருக்குள்தான் இருக்கிறது. முழங்கால் அளவு, சில இடங்களில் இடுப்பளவு தண்ணீரில் கண்டல் மரங்களுக்கு நடுவே நடப்பதுதான் இங்கே செய்கிற காரியம். நடுக்காயலில் தரையில் கால் ஊன்றி நிற்கிற அந்த உணர்வுக்காகத்தான் வருகிறோம்.

படகு ஏறும் முன்பே கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள், தீவில் அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம். பெரிய பைகளைக் கரையில் ஆட்டோவிலேயே விடலாம். தண்ணீரில் நிற்கும்போது பையை வைக்க இடமே கிடையாது.

இறங்கியதும் எல்லோரும் நடக்கிற வழியிலேயே நடங்கள். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டே போனால் பள்ளம் இருந்தால் முன்பே தெரியும். கண்டல் கிளையைப் பிடித்துத் தொங்குவது, வேரில் ஏறி நிற்பது வேண்டாம். காலும் கிழியும், மரமும் போகும். திட்டின் ஓரத்துக்குப் போகாதீர்கள். தூர்வாரிய மண்ணின் ஓரம் எங்கே சட்டென்று இறங்கும் என்று தெரியாது, அதற்கு அந்தப் பக்கம் படகு போகிற ஆழமான வழி. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதே விதிதான்.

தண்ணீரிலேயே நிற்கிற சின்னக் கடைகளில் கக்கா (மட்டி), செம்மீன் (இறால்) பொரித்துத் தருவார்கள். அஷ்டமுடியின் கக்கா பேர்போனது. 2014ல் இந்தியாவிலேயே முதன்முதலாக எம்.எஸ்.சி. சான்று (வளம் குன்றாமல் மீன்பிடிப்பதற்கான சர்வதேசச் சான்று) பெற்ற மீன்வளம் இதுதான். அது இனம் பெருக்குகிற டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாருவதை நிறுத்திவைக்கிற வழக்கமும் இந்தக் காயலில் உண்டு. நாம் போகிற மாதமும் அதுவே என்பதால், அந்த நேரத்தில் கக்காவை வற்புறுத்திக் கேட்காமல் மீனையோ செம்மீனையோ வாங்கிச் சாப்பிடுங்கள்.

கூப்பிட்டதும் படகுக்கு வந்துவிடுங்கள். உங்களுக்காகப் படகு தாமதமானால் கரையில் அடுத்த கூட்டம் வெயிலில் காத்து நிற்கும்.

10. படகில் எதற்கும் விட்டுக்கொடுக்காத இரண்டு விதிகள்

மற்றதெல்லாம் வசதிக்காக. இது உயிருக்காக, அதனால் தனியாகவே எழுதுகிறேன்.

முதல் விதி, அளவுக்கு மேல் ஆள் ஏறினால் நீங்கள் இறங்கிவிடுங்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் தானூரில் கவிழ்ந்த படகில் 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிய கூட்டம், பொழுது சாய்ந்த நேரம். “ரெண்டு பேருதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று நாமே சொல்வதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். நம் குடும்பம் பிரியக் கூடாது என்பதற்காகப் படகுக்காரரை வற்புறுத்துவது நாம்தான்.

இரண்டாவது விதி, படகில் எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். 2009ல் தேக்கடியில் 45 பேர் இறந்த படகில், விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகக் குவிந்தபோதுதான் படகு சாய்ந்தது என்று சொல்லப்பட்டது. செம்பருந்தோ மீனோ எது தெரிந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள். பிள்ளைகளுக்கு இதைக் கரையிலேயே சொல்லிவிடுங்கள்.

11. மதியச் சாப்பாடும் ஓய்வும்

பன்னிரண்டு மணிக்குள் கரைக்கு வந்து, உடை மாற்றி, ஊண் சாப்பிடுங்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் நமக்குப் பழகிய சுவைதான், புளிக்குப் பதில் குடம்புளி. கரிமீன் எடையைப் பொறுத்து விலை மாறும். பொரிக்கும் முன்பே மீனைக் காட்டச் சொல்லி விலையைக் கேட்டுவிடுங்கள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

சாப்பிட்டதும் அடுத்த இடம் எது என்று ஓடாதீர்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை காயலோரத்தில் வெயில் தண்ணீரில் பட்டுத் திரும்பி இரட்டிப்பாக அடிக்கும். காயலோரமாக நிழல் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில், கூட்டமில்லாத வாரநாளில், இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்கிறோம் என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நாளை நிதானமாக்குவது இந்த மூன்று மணி நேரம்தான். இதை எடுத்துவிட்டு இன்னொரு இடத்தைச் சேர்த்தால் சாயங்காலம் எல்லோருக்கும் தலைவலி.

12. சாயங்காலம்: அரசுப் படகு

கொல்லம் படகுத்துறை கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருக்கிறது. அங்கேயிருந்து கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகுகள் காயலோர ஊர்களுக்குப் போகின்றன. ஊர்க்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வருகிற படகு என்பதால் டிக்கெட் பஸ் டிக்கெட் மாதிரிதான். குகானந்தபுரம் பக்கம் போகிற படகில் ஏறி, இறங்காமல் அதே படகில் திரும்பி வந்தால் திறந்த காயலை அதிகச் செலவில்லாமல் பார்த்துவிடலாம். படகு பெரிது, கடற்காற்று அடித்தாலும் அதிகம் ஆடாது.

ஏறும் முன்பு கண்டக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதே படகு எப்போது திரும்பும்? பொழுது சாய்வதற்குள் கொல்லம் வந்துவிடுமா? கடைசி நடை அந்தக் கரையிலேயே நின்றுவிடுகிற படகாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். நேர அட்டவணை துறையிலேயே எழுதிப்போட்டிருக்கும், மதியமே ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நெரிசல் நேரத்தில் ஊர்க்காரர்களுக்கு இருக்கையை விட்டுக்கொடுங்கள். நாம் பொழுதுபோக்கப் போகிறோம், அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

13. திரும்புதல்

படகு இறங்கிய இடத்திலேயே பஸ் ஸ்டாண்ட் என்பதால் தென்காசி பஸ் பிடிப்பது எளிது. மதியத்தில் கிளம்புகிற ரயில்கள் இந்தத் திட்டத்துக்கு ஒத்துவராது. இரவு திரும்புகிற பாலருவி நள்ளிரவுக்கு அப்புறம்தான் செங்கோட்டை வந்து சேரும். அதனால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குப் பஸ்தான் சரி. தென்காசி பஸ் கடைசியாக எத்தனை மணிக்கு என்பதை விசாரணை ஜன்னலில் படகு ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். படகு இறங்கியபின் கேட்டால் சில நேரம் பதில் “இப்பத்தான் போச்சு” என்று வரும். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைக் குறிவைத்தால் பதற்றமில்லை.

ஈரத் துணிகளைத் தனிக் கவரில் கட்டுங்கள். புனலூர் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்துவிடும், தூங்குகிற பிள்ளைகளை ஜன்னலோரம் விடாமல் உள்பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பையும் துணியையும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் படுங்கள், உப்பு காய்ந்துவிட்டால் விடியலுக்குள் செருப்பு வார் விறைத்துப்போகும்.